கல்லீரல் செல் எப்படிச் சாகிறது

ஹெபடைடிஸ் பி வைரஸ் தான் குடியேறிய கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. நாள்பட்ட கல்லீரல் அழற்சியைப் புரிந்துகொள்ள முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இதுதான். கல்லீரல் முழுவதும் வைரஸ் பெருகிக்கொண்டிருக்க, ரத்தத்தில் அது கோடிக்கணக்கில் மிதக்க, கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி.யின் அளவு இயல்பாகவே இருந்து, கண்ணில் மஞ்சள் ஏறாமல், பசி குறையாமல் இருபது முப்பது ஆண்டுகள் வாழ்கிறவர்கள் உண்டு. வால்பாறையில் நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு இந்தத் தொற்று இருந்தால், அவ்வளவு கடுமையான உழைப்பும் அதைக் காட்டிக்கொடுக்காது. தொற்றிய செல்லைக் கொல்வது உடலின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்கள். அவை கொல்லத் தொடங்கும்போதுதான் நோய் வெளியே தெரிகிறது. வேலையை முடித்துவிட்டால் நோய் தீர்கிறது. முடிக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால் கல்லீரல் தழும்பேறிச் சுருங்குகிறது.

வைரஸின் குறுக்களவு 42 நானோமீட்டர். அதன் மரபுச் செய்தி முழுவதும் சுமார் 3,200 எழுத்துகளில் அடங்கிவிடுகிறது. மனிதரைத் தாக்கும் வைரஸ்களிலேயே மிகச் சிறிய மரபுத்தொகுதிகளில் ஒன்று இது. பித்த உப்புகளை ரத்தத்திலிருந்து உள்ளே இழுப்பதற்காகக் கல்லீரல் செல் தன் சவ்வில் ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. அதையே கதவாக்கி வைரஸ் நுழைகிறது என்பதை 2012-இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லீயின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. உள்ளே போன வைரஸின் டி.என்.ஏ. செல்லின் உட்கருவில் மூடிய வட்டமாக மாறி நிலைகொள்கிறது. அந்த வட்டம் செல் உயிரோடு இருக்கும்வரை இருக்கக்கூடியது. அதிலிருந்து புதிய வைரஸ்கள் உருவாகி, செல்லைக் கிழிக்காமல் வெளியேறுகின்றன. கூடவே, உள்ளீடற்ற வெற்று உறைகளும் பெருமளவில் கொட்டுகின்றன. 1960-களில் பரூக் பிளம்பர்க் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தில் கண்ட ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ இந்த வெற்று உறையின் புரதம்தான். அந்தப் பணிக்காக அவருக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று எந்த ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் ஹெபடைடிஸ் பி உண்டா என்று பார்க்கும்போது தேடுவது இந்த மேற்பரப்பு ஆன்டிஜெனைத்தான்.

மற்ற பல வைரஸ்கள் நுழைந்ததும் செல் இன்டர்ஃபெரானைச் சுரந்து அபாயத்தை அறிவிக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸ் அந்த எச்சரிக்கையை ஏறக்குறைய எழுப்பாமலே பல வாரங்கள் பரவுகிறது. ஆனாலும் செல் தன்னுள் நடப்பதை முழுக்க மறைத்துவிட முடியாது. உடலில் உட்கரு உள்ள ஒவ்வொரு செல்லும் தான் தயாரிக்கும் புரதங்களில் சிலவற்றைத் துண்டாக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகளாக, திசுப்பொருத்த மூலக்கூறு என்னும் தாங்கியில் வைத்து வெளிப்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கிறது. வைரஸ் புரதம் தயாரிக்கும் செல், வைரஸ் துணுக்கையும் காட்டியாக வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்தவை சி.டி.8 டி செல்கள். ஒவ்வொரு டி செல்லும் ஒரே வகைத் துணுக்கை மட்டும் அறியும். தொற்றுக்கு முன் அப்படிப்பட்ட செல்கள் உடலில் மிகச் சிலவே இருக்கும். துணுக்கைக் கண்டு தூண்டப்பட்டதும் அவை பிரிந்து பிரிந்து பெருகி, கொல்லும் கருவிகளோடு ரத்தத்தில் இறங்குகின்றன.

கல்லீரலுக்குள் அவை வேட்டையாடும் விதம் பிற உறுப்புகளில் காணாதது. சாதாரணமாக, டி செல் ரத்தக்குழாயின் சுவரைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறித்தான் திசுவை அடைய வேண்டும். கல்லீரலின் நுண்குழாய்களான சைனசாய்டுகளின் சுவரிலோ நுண்ணிய துளைகள் நிறைய உண்டு. அங்கே ரத்தம் மெதுவாக நகர்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் தட்டணுக்களைப் பிடித்துக்கொண்டு டி செல் முதலில் நிற்கிறது. பிறகு ரத்த ஓட்டத்தின் திசையைப் பொருட்படுத்தாமல் சுவரின் உட்புறம் ஊர்ந்து போகிறது. ஊர்ந்தபடியே, சன்னல் கம்பிக்கிடையே கையை விட்டு உள்ளே இருப்பதைத் தடவிப் பார்ப்பதைப்போல், தன் உடலின் மெல்லிய நீட்சிகளைத் துளைகளுக்குள் நுழைத்து அந்தப் பக்கம் உள்ள கல்லீரல் செல்லின் பரப்பைத் தொட்டுப் பார்க்கிறது. வைரஸ் துணுக்கு தட்டுப்பட்டால் அங்கேயே நின்றுவிடுகிறது. மிலானில் லூகா கிடோட்டியும் மத்தேயோ இயன்னகோனேயும் உயிருள்ள எலியின் கல்லீரலை நுண்ணோக்கியின்கீழ் வைத்து இதை நேரடியாகப் படம்பிடித்து 2015-இல் வெளியிட்டார்கள். குழாயைவிட்டு வெளியே வராமலே டி செல்லால் கொல்ல முடிகிறது என்பது இதனால் தெளிவானது.

கொலை இரண்டு வழிகளில் நடக்கிறது. முதல் வழியில், டி செல் தன்னுள் உள்ள சிறுமணிகளைத் தொடும் இடத்துக்கு நகர்த்தி, இரு செல்களுக்கும் இடையிலான குறுகிய இடுக்கில் கொட்டுகிறது. அந்த மணிகளில் உள்ள பெர்ஃபோரின் இலக்குச் செல்லின் சவ்வில் ஓட்டை போடுகிறது. கிரான்சைம் என்னும் நொதிகள் அதன் வழியே உள்ளே போய், செல்லுக்குள் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கும் காஸ்பேஸ் நொதிகளை எழுப்புகின்றன. இரண்டாவது வழியில் ஓட்டையே தேவையில்லை. டி செல்லின் பரப்பில் உள்ள ஃபாஸ் இணைப்புப் புரதம், கல்லீரல் செல்லின் பரப்பில் உள்ள ஃபாஸ் ஏற்பியைத் தொட்டாலே சாவுக் கட்டளை உள்ளே போய்விடும். கல்லீரல் செல்களில் இந்த ஏற்பி ஏராளம். இதனால் ஃபாஸ் வழி வரும் சாவுக்குக் கல்லீரல் எளிதில் இரையாகிறது. எந்த வழியானாலும் முடிவு ஒன்றுதான்: மைட்டோகாண்ட்ரியா கசிகிறது, காஸ்பேஸ்கள் செல்லின் சட்டகத்தை வெட்டுகின்றன, அவை தூண்டிவிடும் நொதி டி.என்.ஏ.வைத் துண்டாக்குகிறது, செல் சுருங்கி, அக்கம்பக்கத்துச் செல்களிடமிருந்து விலகி உருண்டுவிடுகிறது.

இந்த உருண்டையை நோயியல் மருத்துவர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கண்டுவந்திருக்கிறார்கள். ஊசியால் எடுத்த கல்லீரல் துணுக்கைச் சாயமேற்றிப் பார்த்தால், வெளிர் நிறச் செல் வரிசைகளுக்கு நடுவே, அடர் இளஞ்சிவப்பில், உட்கரு சிதைந்தோ இல்லாமலோ, தனித்து நிற்கும் சிறு உருண்டைகள் தெரியும். கவுன்சில்மன் உருண்டைகள் என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொரு உருண்டையும் செத்துப்போன ஒரு கல்லீரல் செல்லின் மிச்சம். சிறிது நேரத்தில் கல்லீரலின் துப்புரவுச் செல்களான குப்ஃபர் செல்கள் அதை விழுங்கிவிடும். செத்த செல்களிலிருந்து கசியும் நொதிகளில் ஒன்றுதான் எஸ்.ஜி.பி.டி. ஆய்வகத் தாளில் நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் நானூறு என்று வந்தால், அது காட்டுவது வைரஸின் அளவை அல்ல. நோய் எதிர்ப்புச் செல்கள் எவ்வளவு மும்முரமாக இயங்குகின்றன என்பதை. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, எண் இறங்கினால் வைரஸ் போய்விட்டது என்று நிம்மதியடைந்துவிடுகிறார்கள்.

கொல்வது ஒன்றே டி செல்லின் வழி என்றால் ஒரு கணக்கு இடிக்கும். வயது வந்த ஒருவருக்குத் தொற்று உச்சத்தில் இருக்கும்போது ஏறக்குறைய எல்லாக் கல்லீரல் செல்களிலும் வைரஸ் இருக்கலாம். எல்லாவற்றையும் கொன்றால் மனிதர் பிழைக்க மாட்டார். ஆனால் வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தாமாகவே குணமடைகிறார்கள். இந்த முடிச்சை அவிழ்த்தவை கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஃபிரான்சிஸ் கிஸாரி நடத்திய ஆய்வுகள். வைரஸின் மரபணுக்களைப் புகுத்திய எலிகளுக்கு டி செல்களைச் செலுத்தியபோது, கொல்லப்பட்ட செல்கள் கொஞ்சம்தான்; வைரஸ் அடங்கிய செல்கள் மிக அதிகம். டி செல்கள் சுரந்த இன்டர்ஃபெரான் காமாவும் டி.என்.எஃப். ஆல்ஃபாவும் சுற்றியுள்ள செல்களுக்குள் வைரஸ் பெருகுவதைச் செல்லைச் சாகடிக்காமலே நிறுத்திவிட்டன. இது 1996-இல் வெளியானது. 1999-இல் அதே குழு சிம்பன்சிகளிலும் இதைக் காட்டியது: கல்லீரல் அழற்சி உச்சத்தை எட்டுவதற்கு வெகு முன்பே வைரஸ் டி.என்.ஏ.வின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. 2003-இல் இன்னொரு சோதனை. தொற்றிய சிம்பன்சியின் உடலிலிருந்து சி.டி.8 செல்களைத் தற்காலிகமாக நீக்கினார்கள். வைரஸ் குறையவில்லை, கல்லீரலுக்கு அடியும் விழவில்லை. அந்தச் செல்கள் திரும்பி வந்த பிறகு இரண்டும் சேர்ந்தே நடந்தன. நோயைத் தீர்ப்பதும் கல்லீரலைப் புண்ணாக்குவதும் ஒரே செல்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் சிலருக்கு மட்டும் நோய் ஏன் நாள்படுகிறது? விடை பெரும்பாலும் தொற்றிய வயதில் இருக்கிறது. வைரஸ் மிகுந்த தாயிடமிருந்து பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில், தடுப்பு எதுவும் தராவிட்டால், பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. பெரியவர்களில் நிலைப்பது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. பச்சிளங்குழந்தையின் டி செல்கள் இந்த வைரஸைப் பகையென்று முழுமையாகக் கற்றுக்கொள்வதில்லை. கல்லீரலும் இயல்பிலேயே பொறுமைசாலி உறுப்பு. குடலிலிருந்து வரும் உணவின் அந்நியப் பொருள்களும் நுண்ணுயிர்த் துகள்களும் ஓயாமல் அதன் வழியாகப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் சண்டைக்குப் போனால் அது அழிந்துவிடும். 1969-இல் ராய் கால்ன், பன்றிகளுக்கிடையே கல்லீரலை மாற்றி வைத்தபோது எதிர்ப்பை அடக்கும் மருந்தில்லாமலே பல பன்றிகளில் அது நிலைத்ததைக் கண்டார். வைரஸுக்கு இந்தப் பொறுமை வசதியாகிவிட்டது.

இதோடு டி செல்களின் களைப்பும் சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் எங்கு திரும்பினாலும் அதே வைரஸ் துணுக்கைக் காணும் டி செல், பி.டி.1 போன்ற தடுப்பு ஏற்பிகளைத் தன் பரப்பில் நிறைத்துக்கொள்கிறது. பிரிவது குறைகிறது, இன்டர்ஃபெரான் காமா சுரப்பது குறைகிறது, பல செல்கள் தாமே சாகின்றன. வெற்று உறைகளின் வெள்ளமும் இதற்கு உதவுவதாகக் கருதப்படுகிறது. மிஞ்சிய சில செல்களால் வைரஸை ஒழிக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

நாள்பட்ட நோயின் சேதம் இந்த அரைகுறை நிலையிலிருந்துதான் பிறக்கிறது. லண்டனில் மாலா மைனியின் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு வகை நோயாளிகளின் கல்லீரலை ஒப்பிட்டது: வைரஸைக் கட்டுக்குள் வைத்து அழற்சியின்றி இருப்பவர்கள் ஒருபுறம், வைரஸ் மிகுந்து அழற்சியோடு இருப்பவர்கள் மறுபுறம். வைரஸை அறிந்த டி செல்களின் எண்ணிக்கை இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. அழற்சி உள்ளவர்களிடம் கூடுதலாக இருந்தவை, வைரஸைப் பற்றி எதுவும் அறியாத பிற வெள்ளணுக்கள். வைரஸை அறிந்த டி செல் எண்ணி எண்ணிச் சில செல்களைக் கொல்கிறது; அதன் சமிக்ஞையைக் கேட்டு ஓடிவரும் கூட்டம் வகைதொகையின்றிக் கொல்கிறது. கிஸாரியின் எலிகளிலும் இதே வரிசைதான் இருந்தது. முதலில் ஒரு டி செல்லும் ஒரு கல்லீரல் செல்லும். சில மணி நேரத்தில் அந்த இடத்தைச் சுற்றி வெள்ளணுக்கள் மொய்த்து, தொடக்கத்தில் தொட்ட செல்லைவிடப் பலமடங்கு பரப்பில் சாவு பரவியது.

அந்தக் கூட்டத்தில் முக்கியமானவை இயற்கைக் கொல்லிகள் எனப்படும் என்.கே. செல்கள். கல்லீரலில் இவை மற்ற உறுப்புகளைவிட அதிகம். இவற்றுக்கு வைரஸ் துணுக்கைப் படிக்கத் தெரியாது. ஆனால் அழற்சி நேரத்தில் டிரெயில் என்னும் சாவுப் புரதத்தைப் பரப்பில் ஏந்திக்கொள்கின்றன. அதே நேரத்தில் கல்லீரல் செல்களிலும் டிரெயிலுக்கான ஏற்பி கூடுகிறது. மைனியின் குழு 2007-இல் இதைக் காட்டியது. பின்னர் அதே குழு கண்டது இன்னும் வேதனையானது: என்.கே. செல்கள் அதே டிரெயிலால், வைரஸை எதிர்க்கும் டி செல்களையும் கொல்கின்றன. நோயைத் தீர்க்கக்கூடிய செல்லே பலியாகிவிடுகிறது.

அழிவு பெரும்பாலும், ரத்தக்குழாய்களும் பித்தக்குழாயும் சேர்ந்து செல்லும் போர்ட்டல் பாதைகளின் விளிம்பிலிருந்து உள்நோக்கி அரித்துச் செல்கிறது. ஒவ்வொரு முறை செல்கள் செத்து அழற்சி கிளம்பும்போதும், சைனசாய்டின் ஓரத்தில் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருந்த நட்சத்திரச் செல்கள் விழித்து, கொலாஜன் நாரைச் சுரக்கின்றன. நார் ஒரு பாதையிலிருந்து அடுத்த பாதைக்குப் பாலம் கட்டுகிறது. பாலங்களுக்கிடையே சிக்கிய செல்கள் பெருகி முடிச்சுகளாகின்றன. இதுவே சிரோசிஸ். ஓயாமல் பிரியும் செல்களின் டி.என்.ஏ.வில் பிழைகள் சேர்கின்றன, வைரஸின் டி.என்.ஏ. துண்டுகளும் செல்லின் குரோமோசோம்களில் செருகிக்கொள்கின்றன. கல்லீரல் புற்றுநோய்க்கான மண் இப்படித்தான் பக்குவப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்ந்தவர்கள் 25.4 கோடி. அந்த ஓராண்டில் அதனால் இறந்தவர்கள் ஏறக்குறைய 11 லட்சம். இந்தியாவில் மட்டும் தொற்றுள்ளவர்கள் சுமார் 2.98 கோடி.

தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை என்றதும் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. அதைப் பிடுங்கி அரைத்து மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கிக் கொடுப்பது கொங்கு நாட்டு வீடுகளில் இன்றும் நடக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் செய்யும் வேலையை அறிந்த பிறகு இந்தப் பழக்கத்தை வேறு கண்ணோடு பார்க்க முடிகிறது. மஞ்சள் ஏறுவது பெரும்பாலும் எதிர்ப்புச் செல்கள் முழுவீச்சில் இறங்கியிருப்பதன் அடையாளம். ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகியவற்றிலும், பெரியவர்களுக்கு வரும் திடீர் ஹெபடைடிஸ் பி-யிலும் அந்த வேகமே பெரும்பாலோரைக் குணமாக்கிவிடுகிறது. எந்தக் கஷாயம் குடித்தாலும், குடிக்காவிட்டாலும், சில வாரங்களில் மஞ்சள் இறங்கும். பெயர் கஷாயத்துக்குப் போகும்.

நாள்பட்ட தொற்றில் கீழாநெல்லி உதவுமா என்பதை முறையாகச் சோதித்ததும் தமிழ்நாடுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் எஸ்.பி. தியாகராஜன், பிளம்பர்க்கோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு இது. நாள்பட்ட தொற்றில் அந்த ஆன்டிஜென் இயற்கையாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அறிக்கையும், வெற்று மாத்திரையைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. சென்னை ஆய்வின் மதிப்பு இதனால் குறைந்துவிடாது. பாட்டி வைத்தியத்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு எடைபோடத் துணிந்தது பெரிய காரியம். ஆயினும் ஆன்டிஜென் மறைய வேண்டுமானால், கோடானுகோடி கல்லீரல் செல்களில் உள்ள வைரஸ் வட்டம் வாயடைக்கப்பட வேண்டும். அல்லது அந்தச் செல்கள் செத்துப் புதியவை வர வேண்டும். ஒரு மாதப் பொடிக்கு அது மிகப் பெரிய வேலை.

இன்றைய மருந்துகளும் அந்த வேலையை முழுதாகச் செய்வதில்லை. டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகியவை வைரஸ் பெருகுவதை நிறுத்துகின்றன. உட்கருவின் வட்டம் அப்படியே இருக்கும். ஆனால் புதிய வைரஸ் வராதபோது எதிர்ப்புச் செல்களின் சீற்றம் தணிகிறது, நார் கட்டுவது நிற்கிறது, கட்டிய நாரும் ஓரளவு கரைகிறது. மருத்துவர் சொல்லாமல் இவற்றை நிறுத்தினால் வைரஸ் பொங்கி எழும். அதைக் கண்டு டி செல்கள் ஒரே நேரத்தில் பாயும்போது கல்லீரல் சில வாரங்களில் செயலிழக்கக்கூடும். புற்றுநோய்க்கான கீமோதெரபியிலும் இதே ஆபத்து உண்டு. மருந்து எதிர்ப்புச் செல்களை அடக்கும்போது வைரஸ் தடையின்றிப் பெருகுகிறது. மருந்து முடிந்து எதிர்ப்புச் செல்கள் மீளும்போது அழிவு தொடங்குகிறது. கீமோதெரபிக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம் என்று சொல்வது இதனால்தான்.

தொற்று நிலைப்பது பிறந்த குழந்தையில் என்பதால் தடுப்பும் அங்கேதான் தொடங்க வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டுவிட்டால், குழந்தையின் உடல் வைரஸுக்கு முன்பே அதன் உறையை அறிந்துகொள்கிறது. தாய்க்குத் தொற்று இருந்தால் கூடவே எதிர்ப்புரத ஊசியும் வேண்டும். வைரஸ் மிகுந்த தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் தரலாம். 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசியை நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். அதில் ஹெபடைடிஸ் பி-யும் அடக்கம். ஆனால் அது ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது; பிறந்தவுடன் போடும் ஊசிக்கு அது ஈடாகாது. பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சுமார் 65 கிலோமீட்டர் வர வேண்டிய வால்பாறையில், எஸ்டேட் லைன் வீட்டிலோ ஆனைமலையின் பழங்குடிக் குடியிருப்பிலோ பிரசவம் நடந்துவிட்டால், அந்த 24 மணி நேரம் கைநழுவிப்போவது எளிது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான மதிப்பீடு, பழங்குடி மக்களிடையே இந்தத் தொற்று மற்றவர்களைவிடப் பலமடங்கு அதிகம் என்று காட்டியது. மலைப்பகுதியில் பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதும், ஊசியைக் குளிர்ப்பெட்டியோடு குடியிருப்புக்குக் கொண்டுபோவதும் ஒன்றுக்கொன்று குறையாத அவசரம்.

2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். குடும்பத்தில் ஒருவருக்குத் தொற்று தெரியவந்தால், மஞ்சள் இல்லை, எஸ்.ஜி.பி.டி. சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாமல், வீட்டில் உள்ள எல்லோரும் மேற்பரப்பு ஆன்டிஜென் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.